‘வராது’ என்னும் கட்டளை

மார்ச் 3

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் போனை எடுக்கமாட்டீர்கள் என்று உங்கள் தங்கை சொன்னாள். மெயிலில் எழுதினால் கம்பெனியில் யார் யாரோ படிப்பார்கள். அதனால்தான் பேனா பிடிக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும், பழக்கம் விட்டுப்போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிடங்கில் எங்கள் மென்பொருளில் ஓடும் சரக்கு லிஃப்ட், கதவு திறந்திருக்கும்போதே மேலே ஏறிவிட்டது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆளுக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர், கூட ஒரு மின் பொறியாளர், ஒரு தொழிற்சங்கக்காரர். கம்பைலர் என்றால் என்னவென்று மூவருக்கும் தெரியாது. நான் இப்படிச் சொல்லிப் பார்த்தேன்:

“பொறியாளர் எழுதுறது லிஃப்டுல இருக்கிற கம்ப்யூட்டர் சில்லுக்கு நேரா புரியாது சார். நடுவுல ரெண்டு பேர் இருக்காங்க. முதல் ஆள் அதைப் படிச்சு ஒரு இடைமொழியில எழுதிக் கொடுப்பான். ரெண்டாவது ஆள் அந்த இடைமொழியைப் படிச்சு சில்லுக்குக் கட்டளையா மாத்துவான். ரெண்டு பேரும் மனுஷங்க இல்ல, நிரல்கள். அந்த இடைமொழியை மனுஷன் எழுதுறதும் இல்ல, படிக்கிறதும் இல்ல.”

“மனுஷன் எழுதாத மொழியை எந்த மனுஷன் செஞ்சான்?” என்றார் நீதிபதி. உங்களைச் சொன்னேன்.

பிழை இருப்பது ‘வராது’ கட்டளையில். ‘நிரலின் ஓட்டம் இந்த இடத்துக்கு ஒருநாளும் வராது’ என்று முதல் ஆள் இரண்டாம் ஆளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி அது என்றும், அதை நம்பி இரண்டாம் ஆள் அந்த இடத்துக்குப் போகும் வழியையே வெட்டிவிடுவான் என்றும் குழுவுக்கு விளக்கினேன். லிஃப்ட் கதவில் இரண்டு சுவிட்சுகள். ஒன்று ‘மூடியிருக்கிறது’ என்றும் மற்றது ‘திறந்திருக்கிறது’ என்றும் முரணாகச் சொன்னால் லிஃப்ட் நிற்க வேண்டும். அந்த இடத்தில் ‘வராது’ விழுந்திருக்கிறது. நிறுத்தும் வழியே வெட்டுப்பட்டுவிட்டது. அன்றைக்கு ஒரு சுவிட்சில் தூசி அடைத்திருக்கிறது.

முதல் ஆளை, அதாவது முன்பாதியை, எழுதியவள் எங்கள் குழுவில் ஒரு பெண். எழுதுவதில் ஒரு காற்புள்ளி விடுபடாது என்பதால் ஆபீசில் அவளுக்குக் ‘கமா’ என்று பெயர். அவள் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். “என் முன்பாதி இப்படி எழுதவே எழுதாது சார்” என்று அழுகிறாள். அன்றைய பதிப்பு பழைய சர்வரோடு அழிந்துவிட்டதால் மறுபடி ஓட்டிக் காட்டவும் வழியில்லை. மொழியை உருவாக்கியவர் என்ற முறையில் ‘இந்தப் பகுதி முன்பாதி உருவாக்கியதே’ என்று நீங்கள் கையெழுத்திட்டால் எல்லாம் முடிந்துவிடும். கருத்துரையைத் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட இடைமொழிப் பகுதியும் இருக்கிறது. மாதக் கடைசியில் விசாரணை.

தங்கள்
மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

விடுதி அறையில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் சோப்பைத் தேய்த்துக்கொண்டு, என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டவன் நீ. இப்போது ‘மதிப்பிற்குரிய’, ‘தாங்கள்’. கால் போனது யாருக்கோ, மரியாதை முளைத்தது உனக்கு. நான் ‘நீ’ என்றே எழுதுகிறேன். தங்கை புருஷனை அப்படி எழுதலாமா என்று என் தங்கைக்குத் தோன்றினால் அவள் படிக்க வேண்டாம்.

‘மொழியை உருவாக்கியவர்.’ இதை எழுதும்போது உன் பேனா கொஞ்சமாவது தயங்கியதா? மொழியின் அறிமுக விழாவில் என்னை நான்காவது வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தாய். தலையைச் சாய்த்தால்தான் திரை தெரியும். சாய்த்துப் பார்த்தேன். உன் பெயர் மட்டும் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் என் தங்கை காபியோடு வந்து, “உனக்குத்தான் மேடைன்னாலே கூச்சமாச்சே அண்ணா” என்றாள். அந்தக் காபியைக் குடித்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, உங்களை எப்படி மன்னிப்பேன்?

இப்போது நான் ஒரு வங்கியின் அடித்தளத்தில், எழுதியவர்கள் செத்துப்போன நிரல்களைச் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். மேலே குழாய் ஓடுகிறது. யாராவது கழிப்பறையில் தண்ணீர் இழுத்தால் என் தலைக்கு மேல் சத்தம் கேட்கும். உன் அறையில் ஜன்னல் இருக்கிறதாமே.

‘வராது’ பற்றி எனக்கே விளக்கம் எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டளையை வைத்து நாம் சண்டை போட்ட நாள் மறந்துவிட்டதா? “வராதுன்னு சொன்ன இடத்துக்கு வந்துட்டா மெஷின் அப்படியே நிக்கட்டும்” என்றேன். “நிக்கிற மெஷினை எவன்டா வாங்குவான்? நம்பி வெட்டு, வேகம் வரும்” என்றாய். வந்தது. லிஃப்ட் வேகமாகத்தான் மேலே போயிருக்கிறது.

இனி நீ அனுப்பிய பகுதி. இயந்திரம் எழுதியது எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்க வேண்டும். அதற்கு வெட்கம் கிடையாது. ஒரே மதிப்பை மூன்று இடத்தில் நகலெடுத்து வைக்கும். நிரல் தாவிப் போக வேண்டிய இடங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கண்மூடித்தனமாக எண் போட்டுக்கொண்டே போகும். நீ அனுப்பியதில் ஒரு வீண் நகல் இல்லை. எண்களோ பத்து, இருபது, முப்பது. நடுவில் யோசித்துச் செருகியதுபோல் ஓர் இருபத்தைந்து. நாளைக்கு எதையாவது நுழைக்க வேண்டிவரும் என்று இடம் விட்டு எண் போடுகிற இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கும் கைக்குட்டை போட்டு வைக்கிற ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன்.

இது கையால் எழுதியது. இந்த மொழியைக் கையால் எழுதத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நான் எழுதவில்லை.

கையெழுத்து வேண்டுமென்றால் முதலில் நீ உன் வாயால் சொல். யார் எழுதியது?


மார்ச் 13

டேய்,

மரியாதை வேண்டாமென்றால் சரி. கீழே கையெழுத்துகூடப் போடாமல், தட்டச்சில், கரண்ட் பில் பாக்கிக்கு நோட்டீஸ் விடுகிற மாதிரி ஒரு கடிதம். உனக்குப் பொருத்தம்தான்.

நான்தான் எழுதினேன். போதுமா?

கமாவின் முன்பாதி எழுதியது தவறில்லை, ஆனால் கனமாக இருந்தது. ஒவ்வொரு தளத்திலும் லிஃப்ட் ஒரு கணம் தயங்கி நின்றது. கிடங்கு முதலாளி தினமும் போனில் கத்தினார்: “லிஃப்ட் விக்கறீங்களா, விக்கல் எடுக்கிற மெஷினா?” கமாவைக் கேட்டால் ஒரு மாதம் வேண்டும் என்றாள். முன்பாதி எழுதியதில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நானே எழுதிச் செருகினேன். ஒரே கதவு ஒரே நேரத்தில் மூடியும் திறந்தும் இருக்கும் என்று எவன் நினைப்பான்? ‘வராது’ போட்டேன். தயக்கம் போனது. முதலாளி இனிப்பு அனுப்பினார். கமாவும் ஒன்று சாப்பிட்டாள்.

உன் பெயரைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்கிறேன். வாங்க வந்தவர்களிடம் “உங்களுக்கு இது புரியணும்னா இன்னொரு ஜென்மம் எடுக்கணும்” என்று சொன்னது யார்? அந்த ஆள் இருந்தால் வாங்கமாட்டோம் என்றார்கள். நான் வாதாடவில்லை, உண்மைதான். விற்றேன். விற்றிருக்காவிட்டால் உன் மொழி இன்றும் உன் அலமாரியில், ஓட்டை சாக்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கும். உலகம் தன்னை ஏமாற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்ள உனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதையும் நான்தான் கொடுத்தேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும் நீ.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப்போட நேரமில்லை.

கேள். அவள் சின்னப் பெண், வேறு வேலை கிடைக்கும். எனக்கு இந்த வயதில் யார் தருவார்கள்? உன் மருமகன் காலேஜில் கடைசி வருஷம். உன் தங்கைக்கு எதுவும் தெரியாது. கமா உன் முகவரியை வாங்கியிருக்கிறாளாம், நேரில் வரப்போகிறாள். கையெழுத்துப் போட மனமில்லையென்றால் விட்டுவிடு. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுவதாக நினைத்துக்கொள்.


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

கமா வந்தாள்.

குடையைக் கதவுக்கு வெளியே சாய்த்துவிட்டு, உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தாள். என் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, கேட்க யாரும் வந்ததும் இல்லை. குளியலறைக் கூரை ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். நாகரிகமான பெண். நகங்களைக் கடித்துக் கடித்து விரல் நுனிகளெல்லாம் சிவந்திருந்தன.

தாள்களை மேஜையில் பரப்பினாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலில் குறிப்பு. யாரும் படிக்கக்கூடாது என்று நான் செய்த மொழியை உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

“சார், நீங்க பார்த்துச் சொன்னா போதும். இது என் முன்பாதி எழுதினதுதானா?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் படிப்பதுபோல் பார்த்தேன். அவள் மூச்சுவிடும் சத்தமும் வாளிச் சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

“உங்க முன்பாதிதாம்மா.”

“இல்ல சார்... இங்க பாருங்க, எண்ணெல்லாம் பத்துப் பத்தா போகுது. என்னோடது ஒண்ணொண்ணாதானே போடும்?”

பிடித்துவிட்டாள், பார்த்தாயா? உன் சர்வரும் உன் குழுவும் உன் நீதிபதியும் பிடிக்காததை அவள் பிடித்துவிட்டாள். இன்னும் அரை அடி வைத்தால் உன் கழுத்தில் கை வைத்திருப்பாள். என் ஒரு தலையாட்டல்தான் பாக்கி.

“உங்க முன்பாதி ஒண்ணொண்ணா போட்டாலும், ரொம்ப நெருக்கடியான இடத்துல மொழியே எண்ணை மாத்தி அடுக்கும்மா. அப்படி ஒரு விதி இருக்கு. அதை நான் வெளியில எழுதல. நான் செஞ்ச மொழி, எனக்குத் தெரியாதா?”

அப்படி ஒரு விதி கிடையாது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அவள் பென்சிலை எடுத்து, அந்தப் பத்துகளின் கீழே போட்டிருந்த கோடுகளை ரப்பரால் அழித்தாள். அழித்த துகளை மேஜையிலிருந்து கையில் கூட்டியெடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். “அப்போ நான்தானா சார்?” என்றாள். நான் தாள்களை அடுக்கி அவளிடம் நீட்டினேன்.

அவள் போனதும் உன் கருத்துரையில் கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன். கேட்டதைக் கொடுத்துவிட்டேன், சந்தோஷம்தானே?

ஏன் என்று கேட்பாய். உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னைக் கொஞ்ச நாள் திட்டுவார்கள், பிறகு மறப்பார்கள். மனிதர்கள் எவ்வளவு வேகமாக மறப்பார்கள் என்று நான்காவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். இப்போது உன் சம்பளம், உன் ஜன்னல், உன் மேடை எல்லாம் என் ஒரு கையெழுத்தின் மேல் நிற்கின்றன. நீ நன்றாக இரு. நான் உயிரோடு இருக்கிறவரை நன்றாக இரு.


ஏப்ரல் 2

மச்சான்,

உன் கடிதத்தை மூன்றாம் தடவை படிக்கும்போது உன் தங்கை பின்னால் வந்து நின்றாள். மறைக்கவில்லை. அவள் கடைசிவரை படித்துவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் அந்த லிஃப்டுக்கு அடியில போயிருக்கணும்” என்றாள். பிறகு, “போய்ச் சொல்லுங்க” என்றாள்.

விசாரணையில் எழுந்து நின்று சொன்னேன். நான்தான் கையால் எழுதிச் செருகினேன், அந்தப் பெண் குற்றமற்றவள் என்று. நீ நம்பமாட்டாய், பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

நீதிபதி உன் கருத்துரையை எடுத்து என் முன்னால் வைத்தார். “மனுஷன் எழுதாத மொழின்னு நீங்கதான் சார் முதல் நாள் சொன்னீங்க. அதைச் செஞ்சவரும் மெஷின் எழுதினதுதான்னு சொல்றாரு. இப்போ நீங்க எழுதினேன்றீங்க. நாங்க எதை நம்பறது?”

காகிதம் கேட்டேன். அங்கேயே, அவர்கள் கண் முன்னால், அந்த மொழியில் கையால் எழுதிக் காட்டினேன். பத்து, இருபது, முப்பது. மின் பொறியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “இருக்கிறதைப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருக்கலாமே” என்றார். உன் கடிதங்களைக் கொடுத்தேன். உனக்குச் சிரிப்பு வரும். நீதிபதி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கையெழுத்தே இல்லையே. இதையும் நீங்களே அடிச்சிருக்கலாம்” என்றார். தொழிற்சங்கக்காரர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். “கீழ வேலை பார்க்கிற பொண்ணுக்காக இப்படிப் பழியை ஏத்துக்கிற மேலதிகாரியை நான் பார்த்ததில்லை சார்” என்றார். அறையில் யாரோ கை தட்டினார்கள்.

கமாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய எந்த இயந்திரத்துக்கும் அவள் நிரல் எழுதக்கூடாது என்று தீர்ப்பு. வெளியே படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தாள். உண்மையை அவளிடமும் சொன்னேன். முகத்துக்கு நேரே சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொன்னீங்களே சார். வேணாம் சார். மொழியைச் செஞ்சவரே பார்த்துச் சொல்லிட்டார். அவருக்கு என்மேல என்ன விரோதம்?”

அவள் நம்பிவிட்டாள் மச்சான். அந்த ஆளின் காலை எடுத்தது தான்தான் என்று அவளே நம்புகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவன் பொண்டாட்டி சொம்பை எடுத்து இவள்மேல் வீசியிருக்கிறாள். நெற்றியில் தையல்.

கம்பெனியில் எனக்குப் பாராட்டு விழா வைக்கப்போகிறார்கள்.

மேல்முறையீட்டுக்கு இந்த மாதம் முழுக்க நேரம் இருக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் போதும். ‘என் கருத்துரை தவறு, அது கையால் எழுதியது.’ வேறு யார் சொன்னாலும் எடுபடாது. என்னை அவர்கள் நம்பமாட்டார்கள், உன்னை நம்புவார்கள். நான் ஜெயிலுக்குப் போகத் தயார். எத்தனை மேடை வேண்டும் உனக்கு? எல்லா மேடையிலும் ஏறிச் சொல்கிறேன், இது உன் மொழி, நான் திருடன் என்று. உன் தங்கை தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறாள். எனக்காக வேண்டாம். அந்தப் பெண்ணுக்காக எழுது.


ஏப்ரல் 26

மாப்பிள்ளைக்கு,

குழுவின் அறிக்கை எனக்கும் ஒரு பிரதி வந்தது. நல்ல தாள், கெட்டி அட்டை. உள்ளே என் பெயர் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் ‘இம்மொழியை உருவாக்கியவர்’. அரசாங்க முத்திரையோடு. இத்தனை வருடத்தில் முதல் தடவை. இப்போது நான் என் கருத்துரை பொய் என்று எழுதினால் அந்த வரியும் பொய்யன் ஒருவனுடைய வரி ஆகிவிடும். நீ எடுத்துக்கொண்டதை உன்னை அறியாமலே திருப்பிக் கொடுத்திருக்கிறாய். அதை மறுபடி உன்னிடமே நீட்டச் சொல்கிறாயா?

மேடையில் ஏறித் திருடன் என்று சொல்கிறாயாம். சொல். இப்போது நீ எதைச் சொன்னாலும் பெருந்தன்மை என்று கை தட்டுவார்கள். பாராட்டு விழாவுக்கு எனக்கு அழைப்பு அனுப்பு. எந்த வரிசையானாலும் பரவாயில்லை, நான் வருவேன்.

தங்கை சாப்பிடாமல் இருக்கிறாள் என்று எழுதியிருந்தால் யோசித்திருப்பேன். சமைத்துச் சாப்பிடுகிறாள் என்றால் நன்றாகத்தான் இருக்கிறாள்.

கமாவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வருகிறாள். அன்றைய பதிப்பு அழிந்துவிட்டாலும், முன்பாதியின் பிந்தைய பதிப்பு ஒன்றின் பிரதியை வீட்டில் வைத்திருக்கிறாள். வேலை போனாலும், தன் முன்பாதி எந்த இடத்தில் அந்த ‘வராது’வைப் போட்டது என்று கண்டுபிடிக்காமல் தூக்கம் வரவில்லையாம். இன்னொருவன் கால் போகக்கூடாதாம். தையல் பிரித்துவிட்டார்கள், தழும்பு இருக்கும்போல. கூரை ஒழுகுவதைப் பார்த்து, தெரிந்த குழாய்க்காரர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்து அடைத்தும் கொடுத்தாள். இப்போது வாளிச் சத்தம் இல்லை, அறையில் நல்ல அமைதி.

போன வாரம் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள். இரவு பகலாக உட்கார்ந்து தேடியதில் பிழை கிடைத்துவிட்டதாம். அருமையாக எழுதிய, ஒரு குறையும் இல்லாத ஒரு பகுதியை என் முன்னால் வைத்து, ஏன் அது தவறு என்று ஒவ்வொரு வரியாக எனக்கு நிரூபித்தாள். சில இடங்களில் எனக்கே சந்தேகம் வந்தது, அவ்வளவு கெட்டிக்காரத்தனமான நிரூபணம்.

“இதானே சார்? இதுலதானே நான் தப்பு பண்ணினேன்?” என்றாள்.

“ஆமாம்மா, கண்டுபிடிச்சுட்டே” என்றேன்.